சாவி யாரிடம்?

உணவு வேளை மணி ஒலித்தது. பள்ளி உணவுக்கூடத்தின் வாயிலிலே வரிசை. அந்த வரிசையிலே பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. பால் ஆகாது அவளுக்கு, வேர்க்கடலை ஆகாது, சோயா ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்பதல்ல பொருள். உட்கொண்டால் உயிருக்கு உலை! அதுவே பொருள். அறியாதவளா அவள்? அறிந்தவள். பத்து வயதிலேயே வானொலி ஏறித் தன் ஒவ்வாமையைப் பற்றி நாட்டோர் கேட்கப் பேசியவள். அன்றும் விசாரித்தாள்; விசாரித்த பிறகே வறுத்த உருளைக்கிழங்கை வாங்கினாள். உருளைக்கிழங்கிலே பால் ஏது? இல்லைதான். ஆனால் அதை எடுத்து வைத்த இடுக்கி, முன்னர் பாலாடைக்கட்டியைத் தொட்ட இடுக்கி! வறுத்த கிழங்கின்மேல் பாலாடைக்கட்டித் துண்டுகளைத் தூவி, சாறு ஊற்றி உண்பது அந்நாட்டுப் பிள்ளைகளின் பெருவிருப்பம். அந்த இடுக்கியிலே ஒட்டியிருந்த துளி போதுமானதாயிற்று.

மூச்சு முட்டியது. வழக்கமாக வரும் ஆஸ்துமாதான் என்று எண்ணினாள். பள்ளி அலுவலகத்துக்கு நடந்து சென்றாள். உயிர் காக்கும் ஊசி அவளிடம் இருந்ததா? இருந்தது! மருத்துவர் எழுதிக் கொடுத்தது, பெற்றோர் வாங்கிக் கொடுத்தது, பழுதில்லாதது. எங்கே இருந்தது? தாழ்வாரத்திலே, அவளுடைய பெட்டக அலமாரியிலே, பூட்டுக்குள்ளே! ஓடினார் ஓர் ஆசிரியர். திறந்தார், எடுத்தார், மீண்டார். சிறுமி மீளவில்லை.

2003ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கனடா நாட்டு ஒன்டாரியோ மாகாணத்தில், பெம்புரோக் என்னும் ஊரிலே நடந்தது இது. சப்ரீனா என்பது அவள் பெயர். அந்தப் பெயரை இன்று ஒரு சட்டம் தாங்கி நிற்கிறது. சட்டத்துக்குப் பெயர் கிடைப்பதற்காக ஒரு சிறுமி சாக வேண்டியிருந்ததே, அதைத்தான் இங்கே பேசப் புகுந்தோம்.

பணமுள்ள நாடு, படிப்புள்ள நாடு, பள்ளிதோறும் தொலைபேசி, தெருதோறும் மருத்துவமனை ஊர்தி. அங்கே மருந்து இல்லாமல் பிள்ளைகள் மாளவில்லை, நண்பர்களே! மருந்து இருந்தும் மாண்டார்கள். மருந்துக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு கதவு. கதவுக்கு ஒரு பூட்டு. பூட்டுக்கு ஒரு சாவி. சாவிக்கு ஓர் அதிகாரி. அதிகாரிக்கு ஒரு விதி! பிள்ளையோ தரையிலே.

"விதி" என்றதும் நம்மவர் சிலர் பெருமூச்செறிந்து மேலே பார்ப்பர். மேலே பார்க்க வேண்டாம். இது தலையிலே எழுதப்பட்ட விதி அன்று, தாளிலே எழுதப்பட்ட விதி. பள்ளி வாரியம் கூடி, முன்மொழிந்து, வழிமொழிந்து, அச்சிட்டு, அலுவலகச் சுவரிலே ஒட்டிய விதி. மனிதர் எழுதியது, ஆகையினாலே மனிதர் அழித்தெழுதக்கூடியது.

அந்த விதியின் கொடுமை விளங்க வேண்டுமானால், உடலுக்குள்ளே நடப்பதை முதலில் காண வேண்டும். பிரெஞ்சு அறிஞர்களான சார்லஸ் ரிஷே, போல் போர்த்தியே இருவரும் 1902இல் ஒரு விந்தையைக் கண்டனர். முன்பு ஒரு நஞ்சைத் தாங்கிக்கொண்ட விலங்கு, மறுமுறை அதே நஞ்சின் மிகச் சிறு அளவிலேயே துடித்து வீழ்ந்தது. பழக்கம் பாதுகாப்பைத் தரும் என்று நம்பியிருந்த காலத்திலே, பழக்கமே பகையாகும் என்று காட்டிய கண்டுபிடிப்பு அது. 'அனாஃபிலாக்சிஸ்' என்று அதற்குப் பெயரிட்டனர். ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசும் கிடைத்தது. உடலின் காவற்படை, வந்தது வெறும் கடலைதான் என்று அறியாது, பகைவன் புகுந்துவிட்டான் என்று முரசறைந்து, தன் நாட்டையே கொளுத்திவிடுகிறது. தோல் தடிக்கிறது, நாக்கும் தொண்டையும் வீங்குகின்றன, மூச்சுக்குழாய்கள் சுருங்குகின்றன, இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, இரத்த அழுத்தம் வீழ்கிறது. இதயத்துக்குத் திரும்பி வர வேண்டிய இரத்தம் வழியிலேயே தேங்கிவிடுகிறது.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. அதுவும் நம் உடலே சுரக்கும் பொருள். சிறுநீரகத்தின் தலைமேல் குல்லாய்போல் அமர்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து வரும் அட்ரினலின். ஜப்பானியரான ஜோகிச்சி தாகமினே 1901இல் அதைத் தூய நிலையிலே பிரித்தெடுத்தார். விரிந்த குழாய்களை அது இறுக்கும். இறுகிய மூச்சுவழியைத் திறக்கும். இதயத்தைத் தட்டி எழுப்பும். வேண்டிய அளவு எவ்வளவு? முப்பது கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள பிள்ளைக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் மூன்று பங்கு. அதனினும் சிறிய பிள்ளைக்கு அதிலே பாதி. குண்டூசித் தலையளவுகூட இல்லாத மருந்து! ஆனால், காலத்தால் கொடுத்தாக வேண்டும்.

காலம் என்றால் எவ்வளவு காலம்? பிரிட்டனில் இவ்வாறு இறந்தோரின் மருத்துவக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்த பம்ஃப்ரி என்னும் மருத்துவர் 2000ஆம் ஆண்டில் கணக்கொன்றை வெளியிட்டார். உணவினாலே விளைந்த இறப்புகளிலே, மூச்சோ இதயமோ நின்றுபோவதற்கு ஆன நேரம், நடுத்தரமாக அரை மணி. பூச்சிக் கடியானால் கால் மணி. அரை மணி! அந்த அரை மணியிலே, 'வயிறு வலிக்கிறது' என்று பிள்ளை சொல்லி, ஆசிரியர் ஐயுற்று, 'சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்' என்று காத்திருந்து, சீட்டெழுதிக் கொடுத்து, அலுவலகத்துக்கு அனுப்பி, செவிலியைத் தேடி, இன்று அவர் வேறு பள்ளியில் பணியாற்றும் நாள் என்று அறிந்து, சாவியைத் தேடி...

அதே மருத்துவர் 2003இல் மற்றொன்றையும் எழுதினார். இந்த நோய் தாக்கியவரைத் திடீரென்று நிமிர்த்தி உட்காரவைப்பதும், நிற்கவைப்பதும், நடக்கவைப்பதும் உயிருக்கே ஆபத்தாகலாம். காரணம் முன்னரே கண்டோம். இரத்தம் கால்களிலே தேங்கிவிடுகிறது. நிமிர்ந்தால் இதயத்துக்கு வருவது இன்னும் குறைகிறது. வெற்றறையை இதயம் வீணே பிசைகிறது. படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும், மூச்சுவிடத் திணறினால் கால்களை நீட்டி உட்காரவைக்கலாம், நடத்தலாகாது. மருந்துதான் பிள்ளையைத் தேடி வர வேண்டும். பிள்ளை மருந்தைத் தேடிப் போகலாகாது. ஒரு தலைமுறைக்கு மேலாகப் பள்ளிகள் இட்ட கட்டளை என்ன? 'அலுவலகத்துக்கு நட!'

இதைவிடத் தலைகீழாக ஒரு விதியை எவரேனும் திட்டமிட்டாலும் எழுத இயலுமோ?

எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர். அதுதான் இதிலே கவனிக்க வேண்டியது. பக்கத்து நாடான அமெரிக்காவிலே, பள்ளிக்குள் துப்பாக்கி நுழைவதைத் தடுக்க 1994இல் கூட்டாட்சி அரசு சட்டமொன்று செய்தது. துப்பாக்கியோடு வருபவனை ஓராண்டு வெளியேற்று என்றது. நல்ல சட்டம், வேண்டிய சட்டம். ஆனால் 'எள்ளளவும் பொறுக்கமாட்டோம்' என்ற அந்தக் கடுமை துப்பாக்கியோடு நிற்கவில்லை. பல பள்ளி வாரியங்கள் அதைப் போதைப் பொருளுக்கு நீட்டின. போதைப் பொருளிலிருந்து மருந்துக்கு நீட்டின. மாத்திரைக்கும் ஊசிக்கும் இன்ஹேலருக்கும் நீட்டின. கஞ்சா வைத்திருப்பவனும் குற்றவாளி. மூச்சு மருந்து வைத்திருப்பவனும் குற்றவாளி! இரண்டும் 'பொருள்', இரண்டும் பையிலே, எனவே இரண்டும் பறிமுதல். பகுத்துப் பார்ப்பதற்கு அறிவு வேண்டும். பறித்து வைப்பதற்கு அலமாரி போதும்.

ஒன்டாரியோ மாகாணத்திலும் பூட்டு ஒரு சாவோடு ஓயவில்லை. 2012இல் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளி இடைவேளையிலே ஆஸ்துமா தாக்கி மாண்டான். மூச்சு மருந்து அலுவலகத்திலே. மூச்சுத் திணறியவன் வெளியிலே. அவன் பெயராலே 'ரையன் சட்டம்' 2015இல் வந்தது. பெற்றோர் இசைந்தால் பிள்ளை தன் ஆஸ்துமா மருந்தைத் தானே வைத்துக்கொள்ளத் தலைமையாசிரியர் அனுமதித்தே ஆக வேண்டும் என்றது. சப்ரீனா சட்டம் 2005இல். ரையன் சட்டம் 2015இல். ஒவ்வாமைக்கு ஒரு பிள்ளையின் உயிர், ஆஸ்துமாவுக்கு மற்றொரு பிள்ளையின் உயிர் என்று தனித்தனியே விலை கொடுத்துத்தான், ஒரே உண்மையை இருமுறை கற்றனர். முதற் சாவிலேயே, 'எந்த அவசர மருந்தையும் பூட்டிவைக்கக் கூடாது' என்று பொதுப்பட எழுதியிருக்கலாகாதா? சட்டம் இயற்றுவோர்க்கு ஒரு பழக்கம்: எந்த ஓட்டை வழியாக உயிர் போயிற்றோ அந்த ஓட்டையை மட்டும் அடைப்பது!

எனினும் சப்ரீனா சட்டத்தின் சிறப்பை மறைப்பது நேர்மையாகாது. டேவ் லெவாக் என்னும் சட்டமன்ற உறுப்பினர் தனியார் மசோதாவாகக் கொண்டுவந்தது அது. 2006 சனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பள்ளி வாரியமும் திட்டம் வகுத்தாக வேண்டும். ஒவ்வாமையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் இருந்தாக வேண்டும். பணியாளர்க்குப் பயிற்சி தந்தாக வேண்டும். 'வேண்டும்' என்கிறது, 'விரும்பினால்' என்று இழுக்கவில்லை. அதனினும் முக்கியமான ஒன்று: பிள்ளைக்கு இந்த நோய்தான் தாக்கியிருக்கிறது என்று நம்பக் காரணமிருந்தால், முன் அனுமதித் தாள் இல்லாவிடினும் பணியாளர் ஊசியைச் செலுத்தலாம், நல்லெண்ணத்தோடு செய்தவர்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுக்க முடியாது. ஸ்கார்பரோவிலே நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் ஆயிரமாயிரமாய்ப் படிக்கும் பள்ளிகளுக்கும் இதுவே சட்டம். எள்ளும் முந்திரியும் வேர்க்கடலையும் புழங்கும் அடுக்களையிலிருந்து போகும் பெற்றோர், பள்ளியிலே இந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறார்களா? படிக்காதவர்கள் நாளையே படிப்பது நல்லது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே 2004 அக்டோபரிலே ஒரு சட்டம். ஆஸ்துமா மருந்தையும் இந்த ஊசியையும் மாணவர் தாமே வைத்திருந்து தாமே பயன்படுத்தலாம் என்று எந்த மாநிலம் பள்ளிகளைக் கட்டாயப்படுத்துகிறதோ, அந்த மாநிலத்துக்கு ஆஸ்துமா மானியத்திலே முன்னுரிமை. கூர்ந்து நோக்குக: உரிமை தரவில்லை, உரிமை தருவோர்க்குப் பணத்திலே முன்னிடம் தருகிறது. ஆயினும் பயன் விளைந்தது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாயிலைத் திறந்தன. வாயிலைத் திறந்தனவே ஒழிய, வாயிற்காவலரை விலக்கினவா? அந்தச் சட்டம் கேட்ட நிபந்தனைகளைப் பாருங்கள். மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பயன்படுத்தும் முறையைப் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டும். கற்றதைப் பிள்ளை மருத்துவரிடமும் செய்து காட்ட வேண்டும், செவிலி இருந்தால் அவரிடமும் செய்து காட்ட வேண்டும். மருத்துவர் எழுத்திலே திட்டம் தர வேண்டும். பள்ளி கேட்கும் தாள்களையெல்லாம், வழக்குப் பொறுப்பைப் பற்றிய தாள் உட்பட, பெற்றோர் நிரப்பித் தர வேண்டும். அந்த அனுமதி அந்தப் பள்ளிக்கு மட்டும், அந்த ஆண்டுக்கு மட்டும். அடுத்த ஆண்டு? மீண்டும் முதலிலிருந்து!

கற்பிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், கட்டாயம் வேண்டும். பிள்ளைக்குக் கற்பிப்பதிலே நமக்குப் பிணக்கில்லை. ஆண்டுதோறும் மருத்துவரைக் காண்பதற்கு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டிய தாய் இருக்கிறாளே, அவளை எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். காப்பீடு இல்லாத தந்தையை எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் தாள் ஆகஸ்டிலேயே கோப்பிலே ஏறிவிடும். ஏழைப் பிள்ளையின் தாள்? பாதி நிரப்பியபடி சமையலறை மேசையிலே கிடக்கும். பாலுக்கோ கடலைக்கோ இந்த வேறுபாடு தெரியாது. ஏழையின் தொண்டையும் அதே வேகத்திலேதான் வீங்குகிறது!

தாள் சரியாக இருந்தாலும் அடுத்து நிற்கிறது விலை. எப்பிபென் என்னும் தானியங்கி ஊசியை அமெரிக்க அரசு ஏற்றது 1987இல். அதன் மூதாதை எது தெரியுமோ? போர்க்களத்திலே நச்சுப்புகை தாக்கினால் படைவீரன் தன் தொடையிலே தானே குத்திக்கொள்ளச் செய்த கருவி. புகையும் குழப்பமும் நடுக்கமும் சூழ்ந்த களத்திலே, மருத்துவம் படியாத வீரன் பயன்படுத்துவதற்காக ஆக்கியது! அதைத்தான், 'பட்டம் பெற்ற ஆசிரியர் கையாள இயலாது' என்று பள்ளியிலே பூட்டி வைத்தார்கள். அது நிற்க. 2007இல் மைலான் நிறுவனம் இதை வாங்கியபோது இரண்டு ஊசிகளின் விலை ஏறத்தாழ 100 டாலர். 2016இலே 600 டாலரைக் கடந்தது. மருந்து மாறியதா? தாகமினே காலத்து மருந்துதான். உள்ளிருக்கும் துளியின் விலை சொற்பம். குழாயும் வில்லும் ஊசியும் கொண்ட கூட்டுக்கும், அதைச் செய்ய வேறொருவர் இல்லாத நிலைக்கும்தான் அந்த விலை. இடையிலே, 2012 முதல், பள்ளிகளுக்கு நான்கு ஊசிகள் இலவசம் என்று கொடைவள்ளலாகவும் காட்சி தந்தது அந்நிறுவனம். பள்ளிக்கு இலவசம், பெற்றோருக்கு அறுநூறு! ஒரு கையால் வாழைப்பழம், மறு கையால் மடியிலே கை. மக்கள் கொதித்தெழுந்தனர்; 2016 செப்டம்பரில் நிறுவனத் தலைவரைக் கூப்பிட்டு நாடாளுமன்றக் குழு வினவிற்று; பாதி விலையிலே பெயரில்லா மாற்று ஊசி வந்தது; ஏழையர் மருத்துவத் திட்டத்தில் இந்த ஊசியைத் தவறாக வகைப்படுத்திக் குறைவாகக் கழிவு தந்ததாக எழுந்த குற்றச்சாட்டைத் தீர்க்க 2017இலே 465 மில்லியன் டாலர் கட்டிற்று. கொலராடோ மாநிலம் 2023இல் சட்டம் செய்து, இரட்டை ஊசிக்கு 60 டாலர் என்று வரம்பு கட்டியது. வரம்பு கட்ட முடியும் என்பதற்கு அதுவே சான்று. முடியுமென்றால், ஏன் முன்னரே செய்யவில்லை? ஏன் எல்லா மாநிலமும் செய்யவில்லை?

வைத்துக்கொள்ளும் உரிமை மட்டும் போதுமா என்றால், போதாது. மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளிலே இந்த ஊசி செலுத்தப்பட்ட நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 2005இலே வெளியிட்டனர். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, அதற்குமுன் ஒவ்வாமை உண்டென்பதே பள்ளிக்குத் தெரியாது! தெரியாத பிள்ளைக்கு மருத்துவர் சீட்டு ஏது? தாள் ஏது? பையிலே ஊசி ஏது? தீ எந்த வீட்டிலே பிடிக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டா தெருவிலே தண்ணீர்க் குழாய் வைக்கிறோம்? ஆகவே பள்ளிக்கென்று பொது இருப்பு வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் எடுத்துப் போட.

2012 சனவரியிலே வர்ஜினியா மாநிலத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, விளையாட்டு இடைவேளையிலே கையிலே கிடைத்த வேர்க்கடலையை உண்டாள். அவளுக்குக் கொடுக்கப் பள்ளியிலே ஊசி இல்லை. மாண்டாள். அந்த ஆண்டிலேயே வர்ஜினியா, பள்ளிதோறும் ஊசி இருந்தாக வேண்டும் என்று சட்டம் செய்தது. மேரிலாந்து, நெவாடா, நெப்ராஸ்கா போன்ற சில மாநிலங்களும் கட்டாயப் பட்டியலில் உண்டு. மற்றவை? பெரும்பாலானவை 'வைத்துக்கொள்ளலாம்' என்றன. 2013 நவம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டமும் அதே பாதைதான்: கட்டளையிடவில்லை, முன்னுரிமை காட்டி அழைத்தது. கையெழுத்திடும்போது, தம் மகளுக்கே வேர்க்கடலை ஆகாது என்றார் அவர். வெள்ளை மாளிகைப் பிள்ளைக்கு அருகிலே மருத்துவர் இருப்பார். மற்றப் பிள்ளைகளுக்கு 'லாம்' விகுதிதான் இருக்கிறது!

'லாம்' என்றால் என்ன பொருள்? நிதி இருந்தால் வாங்கலாம். செவிலி இருந்தால் வைக்கலாம். வாரியத்துக்கு விருப்பமிருந்தால் செய்யலாம். இல்லையேல் சும்மா இருக்கலாம்; பிள்ளை சாகலாம். தீயணைக்கும் கருவியைப் பள்ளி 'வைக்கலாம்' என்றா எழுதியிருக்கிறார்கள்?

அந்த 2013 சட்டத்திலே ஒரு சொல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பிடித்து உலுக்க வேண்டும். மருந்தைப் 'பாதுகாப்பான' இடத்திலே, பயிற்சி பெற்றோர்க்கு 'எளிதில் எட்டும்' வகையிலே வைக்க வேண்டும் என்கிறது. இரண்டு சொற்கள். அலுவலகத்திலே அமர்ந்திருப்பவர் எதைப் படிப்பார்? முதற்சொல்லைப் படிப்பார், படித்ததும் பூட்டை வாங்குவார். இரண்டாம் சொல், பிணப் பரிசோதனைக்குப் பிறகு படிக்கப்படும். பிரிட்டனிலே இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. 2017 அக்டோபர் முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே பள்ளிகள் இந்த ஊசியை வாங்க அங்கே சட்டம் வழிவிட்டது; அதனோடு வந்த அரசு வழிகாட்டி, பூட்டிய அலமாரியிலோ, எல்லாரும் நுழைய முடியாத அறையிலோ வைக்காதீர், தேவைப்படும் இடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் தொலைவிலே வைக்காதீர் என்று வெளிப்படையாகவே சொன்னது. பாராட்டுகிறோம். ஆனால் அங்கும் வாங்குவது பள்ளியின் விருப்பம் என்றே அன்று விட்டார்கள். மீண்டும் அந்த 'லாம்'!

எதிர்ப்போர் சொல்வதையும் கேட்போம். 'பிள்ளைகள் ஊசியை வைத்து விளையாடுவார்கள்' என்கிறார்கள். விளையாடக்கூடும், விரலிலே குத்திக்கொண்டவர்களும் உண்டு. வலி எடுக்கும், விரல் வெளுக்கும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் தீங்கின்றித் தேறிவிடும். ஒரு தட்டிலே வெளுத்த விரல்; மறு தட்டிலே குழந்தையின் பிணம். எது கனம் என்று நிறுத்துப் பார்க்க நெடுநேரமா வேண்டும்? கூர்மையான கவராயத்தைக் கணிதப் பெட்டியிலே வைத்து ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்தனுப்புகிறோமே, அதற்கு எந்த அலுவலகம் பூட்டுப் போட்டது?

'தேவையில்லாதபோது போட்டுவிட்டால்?' என்கிறார்கள். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், சற்று நேரத்திலே அடங்கும். நலமுள்ள பிள்ளைக்கு அதனால் பெருந்தீங்கு நேர்வது அரிது. தேவையானபோது போடாவிட்டால்? அதற்கு விடை பெம்புரோக்கிலே இருக்கிறது.

ஆசிரியர்களின் அச்சத்தை மட்டும் நாம் எள்ளமாட்டோம். அவர்கள் மருத்துவம் படித்தவர்களல்லர். பிழைத்தால் நன்றி, பிசகினால் வழக்கு என்ற நிலையிலே எவர் கையும் நடுங்கும். ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து பூட்டு அன்று; பயிற்சியும் சட்டக் காப்பும். ஒன்டாரியோ அதைத் தந்தது. அமெரிக்காவின் 2013 சட்டமும் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் அத்தகைய காப்பு உண்டெனச் சான்றளிக்க வேண்டும் என்று கேட்டது. கற்க வேண்டியதோ மிகச் சிறிது: மூடியை இழு, தொடையின் வெளிப்புறத்திலே, ஆடைக்கு மேலேயே அழுத்து, மூன்று எண்ணும் வரை பிடி, ஊர்தியை அழை, பிள்ளையைக் கிடத்து, எழவிடாதே. தணியாவிட்டால் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாவது ஊசி. 2024இலே மூக்கிலே பீச்சும் அட்ரினலினையும் அமெரிக்க அரசு ஏற்றுவிட்டது. ஊசியைக் கண்டு அஞ்சுவோர்க்கு அந்தச் சாக்கும் போயிற்று.

ஐந்து வயதுப் பிள்ளை தானே வைத்திருக்க முடியுமா என்றால், முடியாது என்போம். அந்தப் பிள்ளையின் ஊசி, அந்தப் பிள்ளை எங்கே போகிறதோ அங்கே போகும் ஆசிரியரின் தோள்பையிலே இருக்கட்டும். வகுப்புக்கு, விளையாட்டுத் திடலுக்கு, உணவுக்கூடத்துக்கு, சுற்றுலாப் பேருந்துக்கு. வளர்ந்த பிள்ளையின் ஊசி அதன் இடுப்பிலே இருக்கட்டும். பொது இருப்பு உணவுக்கூடத்துச் சுவரிலே, எல்லாரும் காண, தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்திலே தொங்கட்டும்.

தொங்கவிட்டபின்னும் ஒரு வேலை இருக்கிறது. சட்டமன்றங்கள் அதைத்தான் எளிதிலே மறந்துவிடுகின்றன. இந்த ஊசி கடையிலிருந்து வரும் நாளிலிருந்து ஒன்று, ஒன்றரை ஆண்டிலே காலாவதியாகிறது. வெயிலிலே கிடந்தால் அதற்கு முன்பே வலிவிழக்கிறது. முதல் ஊசியை வாங்கச் சட்டம் பணம் ஒதுக்கும். செய்தித்தாளிலே படம் வரும். இரண்டாவது ஊசிக்கு? அதற்கடுத்ததற்கு? ஒவ்வோர் ஆண்டும் அதை மாற்றுவதற்கான தொகையை, சுண்ணக்கட்டிக்கும் மின்விளக்குக்கும் ஒதுக்குவதுபோல், பள்ளியின் வரவு செலவுத் திட்டத்திலே தனி வரியாக எழுதாத வரையில், சுவரிலே தொங்குவது காலி உறைதான்.